உள்ளே யாருடைய மெஷின்?

2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு பழைய ரோலக்ஸை ஏலம் விட்டது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கையில் கட்டியிருந்த டேட்டோனா, அவர் மனைவி ஜோயன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. சுத்தியல் விழுந்து, கமிஷனும் சேர்ந்தபோது கணக்கு 1 கோடியே 77 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

அதன் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஓடுவது ரோலக்ஸ் உருவாக்கிய மெஷின் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் வால்ஜூ என்ற கம்பெனி செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் விற்ற 72-ஆம் எண் மெஷின்தான் அதற்கு அடிப்படை. அதே 72-ஐ அதே காலத்தில் ஹோயர் கம்பெனியும் வாங்கித் தன் கரேரா கடிகாரத்தில் போட்டது. ஏலத்தில் போட்டி போட்டவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கையைத் தூக்கினார்கள்.

சென்னையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா உட்கார்ந்த அதே மேஜை. அவர் காலத்தில் கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஓடுமா, ஓடாதா?" இப்போது வருகிற இளைஞர்கள், கணினி வேலையில் முதல் பெரிய போனஸ் வாங்கியவர்கள், சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கிய கடிகாரத்தைத் துணி விரித்து அதன் மேல் வைக்கிறார்கள். வைத்துவிட்டு, "அண்ணா, இது இன்-ஹவுஸ் மூவ்மெண்ட். ஜாக்கிரதையா திறக்கணும்" என்கிறார்கள். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "உள்ளே வெறும் ஈ.டி.ஏ.தான் அண்ணா, ஏமாந்துட்டேன்" என்கிறார். முதலாமவர் முகத்தில் பெருமை, இரண்டாமவர் முகத்தில் அவமானம். இரண்டும் எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடிகாரத்தின் டயலுக்கும் பின்மூடிக்கும் நடுவே இருக்கிற இயந்திரம் முழுவதையும் மூவ்மெண்ட் என்பார்கள். எங்கள் தொழிலில் மெஷின் என்றால் போதும். மெயின் ஸ்பிரிங், வரிசையாகப் பல்சக்கரங்கள், துடிக்கிற பேலன்ஸ் சக்கரம், அதன் நடுவே முடியை விட மெல்லிய ஹேர் ஸ்பிரிங், இவற்றைத் தாங்கும் தகடுகளும் பாலங்களும். டயலில் பெயர் போட்டிருக்கும் கம்பெனியே இதை வடிவமைத்துச் செய்தால் இன்-ஹவுஸ். வேறொரு கம்பெனியிடம் வாங்கிப் பொருத்தினால் வெளி மெஷின். அந்த இளைஞர் சொன்ன ஈ.டி.ஏ., அப்படி மெஷின் செய்து பிறருக்கு விற்ற சுவிஸ் கம்பெனி. வாங்குவதிலும் வகை உண்டு. முழுமையாகக் கோத்து, நேரம் திருத்திய மெஷினை அப்படியே வாங்கலாம். எபோஷ் என்ற பாதித் தயாரிப்பாகவும் வாங்கலாம்: தகடும் பாலமும் சக்கரங்களும் வரும், உயிரான பேலன்ஸும் ஸ்பிரிங்கும் வராது, மெருகேற்றமும் இருக்காது. மீதி வேலை வாங்கியவர் பாடு.

சுவிஸ் கடிகாரத் தொழில் பிறந்ததே இந்த வாங்கல் விற்றலில்தான். ஜூரா மலையில் பனிக்காலம் நீளம். வயல் வேலை இல்லாத மாதங்களில் ஒரு குடும்பம் திருகாணி செய்யும், பக்கத்து வீடு பல்சக்கரம் வெட்டும், இன்னொரு வீடு டயலுக்கு எனாமல் பூசும். வியாபாரி எல்லாவற்றையும் சேகரித்து, கோக்கச் செய்து, மூடியில் தன் பெயரைப் பொறிப்பார். 1794-இல் தீயில் அழிந்த லா ஷோ-த-ஃபோன் ஊரைப் பின்னால் திரும்பக் கட்டியபோது, ஜன்னலோர மேஜைகளில் வெயில் விழும்படி நேர்கோட்டுத் தெருக்களாகவே அமைத்தார்கள். கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் வேலைப் பிரிவினைக்கு உதாரணம் தேடியபோது இந்த ஊர்தான் அவருக்குக் கிடைத்தது. முழு ஊரையும் ஒரே தொழிற்சாலையாகப் பார்த்தார். அந்த ஊரும் பக்கத்து லெ லோக்லும் 2009 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. காஞ்சிபுரத்து நெசவாளர் கர்நாடகத்துப் பட்டையும் சூரத்து ஜரிகையையும் வாங்கித்தான் நெய்கிறார். அதனால் அது காஞ்சிபுரம் புடவை இல்லை என்று எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ரோலக்ஸ் கதையே இதற்கு நல்ல சாட்சி. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1905-இல் லண்டனில் தொடங்கிய வியாபாரம் அது. அவருடைய மெஷின்கள் பியென் ஊரிலிருந்த ஏக்லர் என்ற குடும்பக் கம்பெனியிலிருந்து வந்தன. கையசைவில் தானாக முறுக்கேறும் ரோலக்ஸின் பெர்பெச்சுவல் மெஷின் 1931-இல் வந்ததும் அங்கிருந்துதான். இரண்டு கம்பெனிகளும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தாலும் உரிமையாளர்கள் வேறு வேறு. ஜெனீவாவின் ரோலக்ஸ் அந்தப் பியென் கம்பெனியை விலைக்கு வாங்கிய வருடம் 2004. சட்டப்படி பார்த்தால் அதற்கு முன்னால் வந்த எந்த ரோலக்ஸும் சொந்த வீட்டு மெஷினில் ஓடவில்லை என்று வாதாடலாம். ரோலக்ஸ் கட்டியவரிடம் நான் வாதாடிப் பார்த்ததில்லை, வியாபாரம் கெடும்.

இதைவிடச் சுவையான உதாரணம் லெமானியா 2310. 1940-களின் தொடக்கத்தில் உருவான குரோனோகிராஃப் மெஷின், அதாவது பித்தானை அழுத்தினால் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் அளக்கும் வகை. ஒமேகா இதை 321 என்ற எண்ணில் ஸ்பீட்மாஸ்டரில் பொருத்தியது. 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் நிலவில் நடந்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். ஆர்ம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். அதே 2310-ஐ எபோஷாக வாங்கி, ஒவ்வொரு பாலத்தின் விளிம்பையும் கையால் சாய்த்து மெருகேற்றி, படேக் பிலிப் தன் மிக உயர்ந்த குரோனோகிராஃப்களில் வைத்தது. வஷரோன் கான்ஸ்டன்டினும் வைத்தது. விண்வெளி வீரர் கையிலும் ஜெனீவாக் கோடீஸ்வரர் கையிலும் ஒரே எலும்புக்கூடு ஓடியது. மாறியது அதன் மேல் மனிதர்கள் செலவிட்ட நேரம் மட்டும்.

ஓடுமார் பிகே 1972-இல் கொண்டுவந்த ராயல் ஓக், படேக் 1976-இல் கொண்டுவந்த நாட்டிலஸ், வஷரோன் 1977-இல் கொண்டுவந்த 222 ஆகிய மூன்றுக்கும் இன்று காத்திருப்போர் பட்டியலும் ஏல விலையும் எங்கேயோ போய்விட்டன. மூன்றிலும் ஓடிய மெஷினின் வேர் ஒன்று, ஜேகர்-லெகுல்த்ர் செய்த 920. தேதிச் சக்கரத்தோடு சேர்த்தும் 3.05 மில்லிமீட்டர் கனம்தான். அதைச் செய்த ஜேகர் தன் பெயர் போட்ட கடிகாரம் எதிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது இன்னொரு விநோதம். ராயல் ஓக்கின் அந்த மெல்லிய வடிவம், 2022-இல் ஐம்பதாண்டு நிறைவுக்கு வேறு மெஷின் வரும்வரை, இதே வம்சத்தில்தான் ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்த மெஷின் லெ லோக்லில் பிறந்த எல் பிரிமேரோ. 1969 ஜனவரியில் ஜெனித் கம்பெனி இதை அறிவித்தது. தானாக முறுக்கேறும் குரோனோகிராஃப், மணிக்கு 36,000 துடிப்பு. வினாடிக்குப் பத்துத் துடிப்பு என்பதால் வினாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்க முடிந்தது. ஆனால் வந்த நேரம் சரியில்லை. சில மாதங்களிலேயே ஜப்பானிலிருந்து குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வந்துவிட்டது. ஜெனித்தோ, அதே பெயர் கொண்ட அமெரிக்க ரேடியோ கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 1975-இல் அமெரிக்க முதலாளிகள் இயந்திரக் கடிகாரம் செய்வதை நிறுத்தச் சொன்னார்கள். கருவிகளையும் அச்சுகளையும் விற்றுத் தீர்க்கும்படி உத்தரவு.

தொழிற்சாலையில் ஷார்ல் வெர்மோ என்று ஒருவர் இருந்தார். மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பதில் சாதகமாக இல்லை. எனவே எல் பிரிமேரோ செய்யத் தேவையான வெட்டுக் கருவிகள், அச்சுகள், அளவுத் துண்டுகள் எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் கட்டடத்தின் பரணுக்குக் கொண்டுபோய் மறைத்தார். எது எதற்கு, எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஒரு சின்னப் பாகத்தைத் தட்டி எடுக்கும் அச்சைப் புதிதாகச் செய்வது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் மறைத்தது ஒரு கம்பெனியின் எதிர்காலத்தை.

1980-களில் இயந்திரக் கடிகாரத்துக்கு மறுபடி மவுசு வந்தது. பரண் திறந்தது. முதலில் ஏபெல் கம்பெனி இந்த மெஷினை வாங்கியது, பிறகு ரோலக்ஸ் வந்தது. 1988-இல் வந்த தானியங்கி டேட்டோனாவில் இருந்தது எல் பிரிமேரோதான். ஆனால் ரோலக்ஸ் அதை அப்படியே எடுத்துப் பொருத்தவில்லை. தேதியை எடுத்தார்கள். பேலன்ஸையும் ஹேர் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுத் தங்கள் முறையிலானதைப் போட்டார்கள். துடிப்பை 28,800-ஆகக் குறைத்தார்கள். வேகமாகத் துடிக்கிற மெஷினில் எண்ணெய் சீக்கிரம் சிதறும், தேய்மானம் அதிகம். வாடிக்கையாளர் சர்வீசுக்கு வர வேண்டிய இடைவெளியை நீட்டுவது அவர்கள் கணக்கு. ஜெனித்காரர்களுக்கு அந்த 36,000 தான் பெருமை. வாங்கியவர்களோ முதலில் அதைத்தான் குறைத்தார்கள். 1963-இல் பிறந்த டேட்டோனா 2000-ஆம் ஆண்டு வரை, 37 வருடம், பிறர் மெஷினில் ஓடியது. உலகம் அதைத் தேடி அலைந்ததும் அந்த வருடங்களில்தான்.

இப்படி எல்லாரும் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டிருந்த ஊரில், இன்-ஹவுஸ் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஏறியது எப்போது? எனக்குத் தெரிந்த பதில் ஒரு மனிதரின் பெயரில் இருக்கிறது: நிக்கோலஸ் ஹயெக். குவார்ட்ஸ் அடித்த அடியில் 1970-இல் தொண்ணூறாயிரம் பேர் வேலை செய்த சுவிஸ் கடிகாரத் தொழில், 80-களின் நடுவில் முப்பதாயிரம் சொச்சமாகச் சுருங்கியது. 1983-இல் இரண்டு பெரிய குழுமங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். அதுதான் பின்னால் ஸ்வாட்ச் குழுமம் ஆனது. அதற்கு வழிகாட்டிய ஹயெக் பிறகு அதன் தலைவரானார். மெஷின் செய்யும் பல பழைய கம்பெனிகள் ஈ.டி.ஏ. என்ற ஒரே குடையின் கீழ் வந்திருந்தன. வால்ஜூவும் அதில் அடக்கம்.

ஆகவே 90-களில் நீங்கள் பெரும்பாலான சுவிஸ் இயந்திரக் கடிகாரங்களைத் திறந்தால் ஈ.டி.ஏ. 2824, அல்லது மெல்லிய 2892, அல்லது குரோனோகிராஃப் என்றால் 7750. விலையில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் ஒரே மெஷின் இருக்கும். 2002-இல் ஹயெக், எபோஷ் விற்பதைக் குழுமத்துக்கு வெளியே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார். தொழிற்சாலைக்கு நாங்கள் முதலீடு செய்கிறோம், எங்கள் மெஷினை வாங்கி எங்களோடே போட்டி போடுகிறவர்கள் விளம்பரத்துக்குச் செலவழிக்கிறார்கள் என்பது அவர்கள் தரப்பு நியாயம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. சுவிஸ் போட்டி ஆணையம் குறுக்கிட்டுக் கெடுவை 2010 வரை நீட்டியது. பிறகு 2013-இல் இன்னொரு உடன்பாடு: 2019 முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே விற்கலாம்.

கம்பெனிகள் பதறின. இரண்டு வழி பிரிந்தது. ஒரு கூட்டம் செல்லிட்டாவிடம் போனது. லா ஷோ-த-ஃபோனைச் சேர்ந்த அந்தக் கம்பெனி ஈ.டி.ஏ.வுக்காக அதே மெஷின்களைக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2824-இன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதே வடிவத்தைத் தானே செய்து எஸ்.டபிள்யூ 200 என்று பெயர் வைத்தது. தேய்மானம் குறைக்கும் மாணிக்கக் கல் ஒன்று கூடுதல், 25-க்குப் பதில் 26; மற்றபடி பாகத்துக்குப் பாகம் உறவு தெரியும். பணமுள்ள இன்னொரு கூட்டம் சொந்த மெஷின் உருவாக்கியது. அதற்குக் கோடிக்கணக்கில் செலவு. செலவை யாரிடமாவது வசூலிக்க வேண்டுமே! சப்ளை நின்றுபோகும் பயத்தில் செய்த ஒரு காரியத்தைத் தலைமுறை தலைமுறையாக வந்த கலை என்று பளபளப்புக் காகிதத்தில் அச்சடித்தார்கள். அதைப் படித்துத்தான் என் கடைக்கு வருகிற தம்பிக்கு ஈ.டி.ஏ. என்றால் அவமானமாக இருக்கிறது.

அவசரத்தில் தடுமாறியவர்களும் உண்டு. டாக் ஹோயர் 2009-இல் கேலிபர் 1887 என்ற மெஷினைச் சொந்தத் தயாரிப்பு என்ற தோரணையில் வெளியிட்டது. கொஞ்ச நாளில் விவரமறிந்தவர்கள் அதன் உறுப்பமைப்பை அடையாளம் கண்டு, இது சீக்கோவின் வடிவமாயிற்றே என்றார்கள். சீக்கோவிடம் உரிமை வாங்கி மாற்றியமைத்ததை டாக் ஹோயரும் ஒப்புக்கொண்டது. மெஷினில் ஒரு குறையும் இல்லை, நல்ல மெஷின். முதலிலேயே சொல்லியிருந்தால் பேச்சே வந்திருக்காது.

இப்போது அதிலும் ஒரு நிதானம் வந்திருக்கிறது. டியூடர் 2017-இல் வெளியிட்ட குரோனோகிராஃபில் பிரைட்லிங்கின் மெஷின் ஓடுகிறது. பதிலுக்கு டியூடரின் மூன்று முள் மெஷின் பிரைட்லிங்குக்குப் போகிறது. டியூடர் தொடங்கிய கெனிஸி என்ற மெஷின் கம்பெனியில் ஷனெலுக்கும் பங்கு உண்டு. இது யாருடைய இன்-ஹவுஸ் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சொந்த மெஷின் என்று மார்தட்டுகிறவர்களிலும் பலர் ஹேர் ஸ்பிரிங்கை நிவாராக்ஸிடம் வாங்குகிறார்கள். நிவாராக்ஸ் யாருடையது? ஸ்வாட்ச் குழுமத்தினுடையது.

சொந்த மெஷினே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். டேட்டோனாவுக்காக ரோலக்ஸ் 2000-இல் கொண்டுவந்த 4130-ஐப் பாருங்கள். குரோனோகிராஃப் பகுதியின் பாகங்களைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். மிச்சமான இடத்தில் பெரிய மெயின் ஸ்பிரிங் வைத்து 72 மணி நேரம் ஓட வைத்தார்கள். பித்தானை அழுத்தும்போது முள் துள்ளாமல் கிளம்புகிறது. வேலை செய்பவனின் கையை நினைத்து வரைந்த மெஷின் அது. இப்படி ஒரு காரணம் இருந்தால் சொந்த மெஷினுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். வெறும் பெயர்ப் பொறிப்புக்குக் கொடுப்பானேன்?

கொடுத்த பிறகு வருகிற செலவைத்தான் கடைக்காரர் சொல்வதில்லை. ஒரு வாடிக்கையாளர் இன்-ஹவுஸ் மெஷின் உள்ள கடிகாரம் கொண்டுவந்தார். முறுக்கேற்றும் பகுதியில் ஒரு சின்னச் சக்கரத்தின் பல் உடைந்திருந்தது. பாகம் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். வெளியாருக்குப் பாகம் தருவதில்லை, கடிகாரத்தை எங்களிடமே அனுப்பவும் என்று பதில். அவர் அனுப்பினார். கடல் தாண்டிப் போய்த் திரும்ப மாதக்கணக்காயிற்று. முழு சர்வீசுக்குத்தான் பில் போடுவோம் என்று சொல்லி, அவர் கேட்காத பாலிஷும் சேர்த்து அனுப்பினார்கள். அதே உடைசல் 2824-இல் என்றால் நான் டப்பாவைத் திறந்து பாகத்தை எடுத்து, டீ ஆறுவதற்குள் மாற்றியிருப்பேன். கோடிக்கணக்கில் செய்யப்பட்ட மெஷின் அது; ஐம்பது வருடம் கழித்தும் எங்காவது ஒரு பாகம் கிடைக்கும். மிகச் சில ஆயிரம் மட்டுமே செய்து, பிறகு கம்பெனி கைவிட்ட சொந்த மெஷினுக்கு அந்த உத்தரவாதம் யார் தருவார்?

ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு, மெஷினின் பெயரோடு அதன் தரத்தையும் கேளுங்கள் என்கிறேன். ஒரே 2824 நாலு தரத்தில் விற்கிறது. அடித்தரத்தை இரண்டு கிடைகளில் வைத்துத் திருத்துகிறார்கள். நாளைக்கு 12 வினாடி முன்பின் போகலாம். மேல்தரத்தை ஐந்து கிடைகளில் திருத்துகிறார்கள். நாலு வினாடிக்குள் நிற்கும். அதற்கும் மேலே சான்றிதழோடு வருகிற குரோனோமீட்டர். மேல்தரங்களில் ஸ்பிரிங்கும் பேலன்ஸும் வேறு உலோகம். டயலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல கடைக்காரர் கேட்டால் சொல்வார். மழுப்பினால் வெளியே வந்துவிடலாம்.

நம் பக்கம் இந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது என்றும் யோசித்திருக்கிறேன். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தில்தான் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் ஜனதா கடிகாரத்தைக் கட்டிய யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. மறுபக்கம், ஓசூரில் டைட்டன் 1.15 மில்லிமீட்டர் கனத்தில் தானே ஒரு குவார்ட்ஸ் மெஷின் செய்து 2002-இல் எட்ஜ் கடிகாரத்தில் வைத்தது. அது கலப்படமில்லாத இன்-ஹவுஸ். அதைக் கட்டிக்கொண்டு வருகிற ஒருவர்கூட என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஒமேகா அந்த லெமானியா வழி 321-ஐ 1968-இலேயே நிறுத்திவிட்டு, செய்வதற்கு எளிதான வேறொன்றுக்கு மாறியிருந்தது. 2019-இல் அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். பியெனில் அதற்கென்று தனிப் பட்டறை. ஒரு கடிகாரத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே கைதான் கோக்கும். 2020-இல் எஃகுப் பெட்டியில் விற்பனைக்கு வந்தது. சாதாரண ஸ்பீட்மாஸ்டரின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்தார்கள். வாங்க வரிசை நின்றது.